நிலானிக்குச் சொல்லிக்குடுக்க மறந்தது

பேச்சுப் பிந்தின சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்கிற எங்கட தொழிலிலே, பிள்ளை எங்களை விட்டிட்டு நேர்சரிக்குப் போனால்தான் எங்களுக்கு வெற்றி. போகிற கிழமையிலே கூடப் பயப்பிடுறதும் எங்களுக்குத்தான். இப்பிடி ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் வகுப்பு வாசலிலே விட்டிட்டு, மதில் ஓரமாய் நிண்டு எட்டிப் பார்த்தவை எல்லாரும் என்ர பக்கம்தான் நிப்பீங்கள்.

பட்டியல்

நிலானி லிங்கநகர்ப் பிள்ளை. ரெண்டரை வயசிலே ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற என்ர அறைக்கு வரேக்க ஒரு சொல்லும் இல்லை. ஒண்டரை வருசத்துக்குப் பிறகு தண்ணி கேட்பாள், கதிரையிலே இருப்பாள், வேலை முடிஞ்சால் சொல்லுவாள். தை மாதம் நேர்சரி. தாய் சுகந்தியும் நானும் இருந்து பட்டியல் போட்டம்: பை கொழுவ, செருப்புக் கழட்ட, கழிவறை கேட்க, சாப்பாட்டுப் பெட்டி திறக்க. ஒவ்வொண்டாய்ச் சரி போட்டுக்கொண்டு வர எனக்குச் சந்தோசத்திலே வலு புளுகம். துறைமுகத்திலே வெல்டிங் செய்கிற தகப்பன் அந்தத் தாளை ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இஞ்ச உங்களோட கதைக்கிறாள் மிஸ், சரி. அங்க ஆரோட கதைப்பாள்?"

பெட்டி

ரெண்டு கிழமை பார்ப்பம், சரிவந்தால் வைச்சிருப்பன் எண்டுதான் நேர்சரி டீச்சர் நிலானியைச் சேர்த்தவ. சரிவராட்டில் பிள்ளை திரும்பவும் வீட்டோடதான். முதல் நாள் இடைவேளைக்கு நிலானி தன்ர பெட்டியை அழகாய்த் திறந்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின்ர. அதுக்குப் பிறகு அந்த வரிசை முழுக்க. இடியப்பம் ஒரு பக்கம், பிஸ்கட் ஒரு பக்கம். பின்னேரம் டீச்சர் எனக்குப் போன் எடுத்தா.

"பெட்டி திறக்கப் பழக்கினீங்களோ மிஸ், கடை திறக்கப் பழக்கினீங்களோ?"

காது

சிரிப்பு அதோட சரி. அந்தக் கிழமை முழுக்க, "பிள்ளைகள் எல்லாரும் எழும்புங்கோ" எண்டால் நிலானி எழும்பவே இல்லையாம். வரிசைக்குப் போகச் சொன்னால் இருந்த இடத்திலேயே இருந்து மற்றவையைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். சுகந்தி என்ர அறைக்கு வந்து அழுதா. நான் வீறாப்பாய் டீச்சரிட்டைக் கதைக்கப் போனன். அவ கோவப்படேல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயம்.

"காதைச் சோதிச்சனீங்களோ? ஒரு பிள்ளைக்குப் பின்னால மட்டும் ஓட எனக்கு ஏலாது. மற்றப் பதினெட்டையும் ஆர் பார்க்கிறது?"

சின்னக் கதிரை

அடுத்த திங்கள் அனுமதி கேட்டு, வகுப்பு மூலையிலே பிள்ளைகளின்ர கதிரை ஒண்டிலே குந்தினன். காதிலே பிழை இல்லை. ரெண்டு ஒழுங்கை தள்ளித் தெருவிலே பாண் விக்கிற ஓட்டோவின்ர பாட்டுக் கேட்க, முதல் ஆளாய் ஜன்னலுக்கு ஓடினது நிலானிதான். பிறகு ஏன்? டீச்சர் "எல்லாரும் எழும்புங்கோ" எண்டா. நிலானி அசையேல்லை. பொறுமை கெட்டு, "நிலானி, எழும்புங்கோ" எண்டா. உடனே எழும்பினாள்.

எனக்கு முகத்திலே ஈ ஆடேல்லை. ஒண்டரை வருசமாய் நான் ஒவ்வொரு சொல்லையும் அவளின்ர பேரைச் சொல்லித்தான் தொடங்கினனான். அப்பிடித்தான் எங்களுக்குப் படிப்பிச்சது. என்ர அறையிலே ஒரு மேசை, ரெண்டு கதிரை, ஒரு பிள்ளை. "எல்லாரும்" எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது, மேசைக்கோ? அந்தக் கூட்டத்திலே தானும் ஒரு ஆள் எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நான் சொல்லிக்குடுக்கேல்லை. வெட்கமாய் இருந்தது, சுகந்தியிட்ட அப்பிடியே ஒத்துக்கொண்டன். அவ என்னைக் குறை சொல்லேல்லை.

"வீட்டிலயும் அவள் ஒருத்திதானே மிஸ். நாங்களும் ஒருக்காலும் சொன்னதில்லை."

வெள்ளிக்கிழமை

அண்டைக்குப் பின்னேரமே நிலானி வீட்டிலே பாய் விரிச்சம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூண்டு பேர், சுகந்தி, வேலை உடுப்போட தகப்பன், நிலானி. "எல்லாரும் கை தட்டுங்கோ." தட்டின ஆளுக்கு ஒரு பிஸ்கட். தகப்பன்தான் எல்லாரிலும் கூடச் சாப்பிட்டார். நாலு பின்னேரம் இதே கூத்து. வகுப்பிலே டீச்சரும் "எல்லாரும், நிலானியும்" எண்டு சொல்லிப் பார்த்தா.

வெள்ளிக்கிழமை நான் திரும்பவும் மூலையிலே. டீச்சர் பேரை விட்டிட்டு, "எல்லாரும் எழும்புங்கோ" எண்டு மட்டும் சொன்னா. நிலானி இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். எழும்பினாள். எனக்குக் கண் நிறைஞ்சு போச்சு, அப்பிடியே இருந்திட்டன். அவள் வரிசைக்குப் போகாமல் நேரே என்னட்ட வந்து கையைப் பிடிச்சு இழுத்தாள். "மிஸ், எழும்புங்கோ." டீச்சர் வரவு பதியிற இடாப்பிலே, அதுவரைக்கும் பென்சிலாலே இருந்த நிலானியின்ர பேரைப் பேனையாலே எழுதிக்கொண்டு, நிமிராமலே சொன்னா:

"ஓம் மிஸ், எல்லாரும் எண்டுதானே சொன்னனான்."

பிள்ளைகளை எழுப்பிவிடுறதுக்கே சம்பளம் வாங்குற ஆளை, அந்தச் சின்னக் கதிரையிலே இருந்து கிளப்ப நிலானியோட சேர்த்து மூண்டு பிள்ளைகள் இழுக்க வேண்டியிருந்தது.