தண்ணீர் ஓடிய பக்கம்

பிள்ளைகளே, ஒரே பாஷை பேசுகிற சனங்களில் பாதிப்பேர் மைசூர் மகாராஜா சீமையிலும் பாதிப்பேர் மெட்ராஸ் சீமையிலும் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் அந்த எல்லையில் ஒரு நாள் நின்றிருக்கிறேன்.

பிளேக் பரவிய வருஷம். மூத்தவள் அப்போது உங்கள் அம்மா வயிற்றில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். அது மலைக்கு அப்பால், மெட்ராஸ் பக்கத்து வட ஆற்காட்டில். மாரிகுப்பத்திலிருந்து வாடகை வண்டியில் முகட்டை எட்டியபோதே அவளுக்கு இடுப்பு வலி. அப்பால் இறக்கத்தில் உங்கள் மாமா தன் வண்டியோடு காத்திருந்தார். நடுவே, புங்க மர நிழலில் பாய் போட்டு மெட்ராஸ் காவல்காரர்.

"மைசூர் சீமைலேர்ந்து வரவங்க பத்து நாள் கொட்டாய்ல இருக்கணும். தொரை உத்தரவு."

கொட்டகைக்குக் கூரைகூட இல்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கல்லும் இல்ல, வேலியும் இல்ல. எல்லை எங்க கீதுங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "அந்தக் காலத்துல சண்டை முடிஞ்சப்போ காகிதத்துல கோடு போட்டாங்க. கோட்டுக்கு மலை வசதியா இருந்துச்சு. மழைத்தண்ணி இப்படி ஓடினா உங்க மகாராஜாவுது, அப்படி ஓடினா எங்குளுது."

உங்கள் அம்மா அப்போதுதான் சொம்பைச் சாய்த்து முகம் கழுவினாள். தண்ணீர் பாய் ஓரமாக நெளிந்து, நாங்கள் ஏறி வந்த பக்கமே இறங்கியது.

"அண்ணே, நீங்களும் எங்க சீமைல தான் குந்திக்கினு கீறீங்க. வாங்க, பத்து நாள் கொட்டாய்ல சேந்தே இருப்போம்" என்றாள்.

காவல்காரர் பாயைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "இன்னாபா, உம் பொண்டாட்டி வக்கீலுக்குப் படிச்சுதா? நெழல் இங்கதான கீது, நான் இன்னா பண்றது?" என்று சிரித்தார். பிறகு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல. சீக்கிரம் போம்மா. நீ மட்டும் திரும்பிடுப்பா."

அன்று சாயங்காலமே தாய்வீட்டில் மூத்தவள் பிறந்தாள். முகட்டில் பிரியும் இரண்டு தண்ணீரும் கீழே பாலாற்றில்தான் சேர்கின்றன என்று பின்னால் ஒருவர் சொன்னார். அப்படியானால் அந்தக் கோடு எதற்கு? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அன்று மாமாவின் வண்டி மறைந்ததும், நாங்கள் வந்த வண்டியை முன்னால் அனுப்பிவிட்டேன். அவள் திரும்பி வரும்போது மடியில் குழந்தை இருக்குமே. வண்டித்தடத்தில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி ஓரத்தில் போட்டபடி இறங்கினேன்.