அரை மணிப் பொய்யும் ஐந்து செட் ஆட்டமும்

பெட்டிங் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்குப் பந்தயச் சீட்டை வாங்கவும் தெரிய வேண்டும், யாரிடம் வாங்கினோம் என்பதை மறக்கவும் தெரிய வேண்டும். ஹவுன்ஸ்லோவில் ஏழு வருடமாக இரண்டையும் செய்கிறேன். வாடிக்கையாளருக்கு முன்னால் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு நொந்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

சத்தியத்தில் ஒரு சந்து

எங்கள் சேர்ச் பாட்டுக் குழுவின் தலைவர் அருளப்பு அண்ணை. இனிமேல் குதிரைக்குக் காசு கட்டுவதில்லை என்று மாதா சுரூபத்தின் முன் மனைவி ரீட்டா அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தவர். மீறினால் பங்குச் சுவாமியாரிடம் சொல்லித் தலைமையைப் பறித்துவிடுவேன் என்று அக்கா அப்போதே எச்சரித்திருந்தார். அண்ணைக்கு அந்தக் குழுதான் உயிர்.

விம்பிள்டன் டென்னிஸ் தொடங்கிய அன்று தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். "என்னண்ணை, சத்தியம் என்னாச்சு?" என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் சத்தியம் பண்ணினது குதிரைக்கு, பிள்ளை. இது மனுசர் ஓடுறது."

இரண்டாம் இடம்

குதிரையில் பழகிய கை. முதலாவதாக வராவிட்டாலும் இரண்டாம், மூன்றாம் இடத்துக்குக் கொஞ்சம் கிடைக்கிற மாதிரியே கட்டிப் பழகியவர். டென்னிஸ் ஆட்டத்துக்கும் அப்படியே எழுதி நீட்டினார். "அண்ணை, விளையாடுறதே ரெண்டு பேர். இதிலை ரெண்டாவது எண்டால் தோத்தவர்" என்றேன். என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப ஃபைனலிலை தோத்தவனுக்கும் ஏன் ஒரு பரிசுத் தட்டுக் குடுக்கினம்?"

காயம்

அடுத்த நாள் அவர் காசு கட்டிய ஆள் இரண்டு செட் முன்னால். எதிராளி தொடையைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்திலிருந்து விலகினார். அண்ணை "அல்லேலூயா" என்று துள்ளி எழுந்தார். ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் பந்தயம் செல்லாது, கட்டிய காசு மட்டும் திரும்பும் என்பது எங்கள் கடை விதி. வேறு கடைகளில் வேறு மாதிரி. சுவரில் ஒட்டியிருந்த விதியை ஒருதரம் வாசித்தார், கண்ணாடி போட்டு இன்னொருதரம் வாசித்தார். "காயம் அவனுக்கு, தண்டனை எனக்கோ?"

நடை

பார்க்கைச் சுற்றி அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வருகிறேன் என்பதுதான் அவர் வீட்டில் சொல்லிவந்த பொய். குதிரைக்கு அது தாராளம். சில நிமிடத்தில் ஓட்டம் முடிந்துவிடும். டென்னிஸுக்கு அப்படி நேரக் கணக்கு இல்லை. அடுத்த வாரம் அவர் காசு கட்டிய ஒரு காலிறுதி ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது. நாலு மணித்தியாலமாக அண்ணை கதிரையை விட்டு அசையவில்லை. போனையும் நிறுத்தி வைத்திருந்தார்.

கதவு திறந்தது. கையில் அண்ணையின் பிரஷர் மருந்துக் குளிசையோடு ரீட்டா அக்கா. அழுது முகம் வீங்கியிருந்தது. போன ஞாயிறு அவர் "இவர் உங்கடை கடைக்கு வாறவரோ?" என்று என்னைக் கேட்டபோது, "குதிரைக்கு வாறேல்லை அக்கா" என்று சமாளித்தவள் நான். வெட்கத்தில் கவுண்டருக்குக் கீழே புகுந்துவிடலாம் போலிருந்தது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அண்ணையிடம் போனார். "உயிரோடை இருக்கிறியளோ? மாதாவே, தோத்திரம்! எங்கையாவது விழுந்து கிடக்கிறியளோ எண்டு பயந்து, தேடுறதுக்குச் சுவாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தனான். வெளியிலை காரிலை இருக்கிறார், வாங்கோ."

டென்னிஸில் யார் வெல்வார் என்று ஒருவாறு சொல்லிவிடலாம், எப்போது முடியும் என்றுதான் சொல்ல ஏலாது என்பதை, இப்போது பாட்டுக் குழுவின் கடைசி வரிசையில் நின்று பாடும் அருளப்பு அண்ணை நன்றாகவே அறிவார்.