குங்குமம் வைத்த சவுக்குக் கம்பங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாலு வருடம் என் ஞாயிற்றுக்கிழமைகள் மணலில் போயின. அடையாறுக்குத் தெற்கே கடலோரமாக இருந்த மணல்மேடுகளைச் சுற்றி வேலி போட்டு, எங்கள் இலாகா அதற்குப் பூங்கா என்று பெயர் வைத்திருந்தது. பூவும் கிடையாது, பெஞ்சும் கிடையாது. ஊரில் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் வைத்திருந்தவர்கள் ஞாயிறு காலையில் வந்து அந்த மேடுகளில் வண்டியை ஏற்றி இறக்கி விளையாடுவார்கள். தடுத்தால் வேலியைப் பிரித்துக்கொண்டு நுழைந்தார்கள். சரி, அனுமதித்தே ஒழுங்குபடுத்துவோம் என்று மேலதிகாரி முடிவு செய்தார். யாரை அனுப்புவது என்று பார்த்தபோது, ஆபீசில் கல்யாணமாகாத குமாஸ்தா நான் ஒருத்திதான். இருபத்தொன்பது வயது. வாய் நீளம் என்று பெயர் வேறு.

"ஏட்டி, வாரத்துல ஒருநா வீட்டுல இருக்கப் பொறுக்கலியா ஒனக்கு?" என்று அம்மா கேட்பாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். குடியிருந்தது அபிராமபுரத்தில் இரண்டு அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டு அறைக்கும் உறவுக்காரர்கள் வந்து என் ஜாதகத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குப் பொறுக்கவில்லைதான்.

முதல் ஞாயிறு ஒரே கூத்து. ஐந்து வண்டிகள் மணலில் புதைந்தன. ஆளாளுக்கு ஆக்ஸிலேட்டரை மிதிக்க, சக்கரம் சுற்றிச் சுற்றிப் பள்ளம் தோண்டியது. மணலில் படர்ந்திருந்த அடம்பங்கொடி வேரோடு பிய்ந்து பறந்தது. நான் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவர் மெதுவாக வந்து, புதைந்த ஒரு ஜீப்பின் டயர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சவுக்குக் குச்சியை ஒடித்து வால்வு ஊசியில் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. நாலு டயரிலும் பாதிக் காற்று போனதும் அந்த ஜீப் முனகாமல் வெளியே வந்தது.

"டயரு கொஞ்சம் சப்பையா இருந்தா மணல்மேல நடக்கும்மா. டைட்டா இருந்தா தோண்டிக்கினு உள்ள பூடும்," என்றார்.

அவர் மயிலாப்பூரில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். பரம்பரையாக அங்கேயே இருக்கும் முஸ்லிம் குடும்பம். பட்டாளத்தில் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை எடுத்துத் தானே பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே நான் விதிமுறைகளைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கிவிட்டேன். காலை ஆறிலிருந்து பதினொன்று வரைதான் வண்டி ஓடலாம். நோட்டில் வண்டி எண்ணை எழுதாமல் உள்ளே வரக்கூடாது. மீனவர்கள் கரைவலை இழுக்கும் நேரத்தில் நீரோரம் போகக்கூடாது. டயரில் பாதிக் காற்றை இறக்காமல் மணலில் இறங்கக்கூடாது. பணியில் இருப்பவர்கள் எந்த வண்டியிலும் ஏறக்கூடாது. கடைசி விதியை ஒரு மிடுக்குக்காகச் சேர்த்தேன். அது என்னை எப்படிப் படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

வாசலில் நின்று ஒவ்வொரு டயருக்கும் கேஜ் வைத்துக் காற்றழுத்தம் பார்ப்பேன். காற்று இறக்காதவனை ஏசித் திருப்பி அனுப்புவேன். பெரிய இடத்துப் பிள்ளைகள் காரில் வந்து ஆங்கிலத்தில் மிரட்டினால், நானும் எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஆங்கிலத்தில் பதில் கொடுப்பேன். பட்டறைக்காரர் எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தார். ஆறு மணிக்கு முதல் வண்டியாக வருவார், பதினொன்றுக்குக் கடைசியாகப் போவார். ஒரு பிளாஸ்க்கில் டீ கொண்டு வருவார். அதன் மூடியில் எனக்கு ஊற்றித் தருவார். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை எழுதிவிட எனக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

பூங்காவின் தென்கோடியில் எல்லாவற்றையும்விட உயரமான மேடு ஒன்று இருந்தது. முழுக்க அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மூடியிருக்கும். அதற்குப் பின்னால் மீனவர் குப்பம். அந்த மேடுதான் கடற்காற்று அள்ளிவரும் மணலைக் குடிசைகள்மேல் கொட்டாமல் பிடித்து வைத்திருந்தது. எனவே அதில் மட்டும் வண்டி ஏறக்கூடாது என்று அடிவாரத்தில் வரிசையாகச் சவுக்குக் கம்பம் நட்டேன். அப்பா கடையில் மிஞ்சிய சிவப்புத் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து கம்பத்துக்குக் கம்பம் கட்டினேன். ஒருத்தனும் மதிக்கவில்லை. வாராவாரம் இரண்டு கம்பம் சாய்ந்து கிடக்கும்.

ஆடி மாதம் பிறந்தது. ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால், ஒரு கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகியிருந்தது. அது சாய்ந்திருந்ததால் நான் நிமிர்த்தி நடப் போனேன். குப்பத்தில் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி ஓடி வந்தாள்.

"இன்னாம்மா நீ, அம்மா கம்பத்துல கை வைக்கிறே? செவப்புத் துணி கட்டி எவ்ளோ நாளா நின்னுக்கினு கீறா. பாக்க ஆளில்ல. நாங்கதான் பொட்டு வச்சோம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்று மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்தக் கம்பத்துக்கு இருபதடி முன்னாலேயே வண்டியைத் திருப்பினார்கள். ஒருவன் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். கேஜும் நோட்டும் என் தொண்டையும் ஒரு வருடமாகச் செய்யாததை ஒரு சிட்டிகை குங்குமம் செய்துவிட்டது. எனக்கு உடனே புத்தி வேலை செய்தது. அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கே போய், கைப்பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, மீதிக் கம்பங்களுக்கெல்லாம் நானே மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் ஒரு சக்கரம்கூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மேலதிகாரி என் நிர்வாகத் திறமையைப் பாராட்டிக் குறிப்பு எழுதினார்.

நாலாவது வருடம், பங்குனி மாதத்து ஞாயிறு. பதினொன்று அடித்து வண்டிகளெல்லாம் போய்விட்டன. என்னோடு இருந்த வாட்ச்மேன் சாப்பிடப் போய்விட்டார். பட்டறைக்காரர் டயர்களுக்கு மறுபடி காற்றடிக்கப் பம்பை எடுத்தவர், அதைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, இத்தினி வருசமா ஊரையே ஏத்தி விட்டீங்க. நீங்க ஒரு வாட்டி ஏறல. காத்து இன்னும் அடிக்கல. வர்றீங்களா?"

"ரூல் இருக்கு."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

அவர் பக்கத்து இருக்கையில் கிடந்த மணலைத் தட்டிவிட்டார். நாலு வருடமாக நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். நோட்டை வாட்ச்மேன் ஸ்டூலில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

சின்ன மேடுகளில் ஏறி இறங்கியபோது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் சிரித்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் வாசலுக்குத் திரும்பியிருக்கலாம். நான்தான் தெற்கே கை காட்டினேன்.

"அந்தப் பெரிய மேடு."

அவர் வண்டியை நிறுத்தினார். "அங்க அம்மன் கம்பம் கீதும்மா. நான் வேற சாமி கும்புடறவன்தான். அதுக்காக மிதிச்சிக்கினு போலாமா? வேணாம்."

"அது எதுவும் இல்லை. நான் வச்ச குங்குமம்தான். போங்க."

அவர் கியரை மாற்றினார். அந்தக் கோட்டுக்கு ஊரே பயந்தது. அதைப் போட்டவளுக்கு மட்டும் பயமில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஜீப் நுழைந்து, கொடிகளை நசுக்கிக்கொண்டு ஏறியது.

மேலே போனதும் எஞ்சினை அணைத்தார். வடக்கே அடையாறு கடலில் சேரும் இடம், அதற்கும் அப்பால் சாந்தோம் கோபுரம், இந்தப் பக்கம் குப்பத்துக் கூரைகள், முன்னால் கடல். காற்றில் என் தலைப்பு அவர் தோளில் போய்ப் போய் விழுந்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவரும் தள்ளவில்லை. பத்து நிமிடம் இருக்கலாம். பிறகு அவர் இறங்கிச் சுற்றி வந்து, "எறங்கறப்போ நீங்க புடிங்க," என்று ஸ்டீரிங்கை என்னிடம் கொடுத்தார். நேராகப் பிடிக்கத் தெரியாமல் கொடிமேல் கோணல்மாணலாக இறக்கினேன். இருவரும் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தோம். அவர் காற்றடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

காற்று அந்த வாரத்திலேயே டயர் சுவட்டை மூடிவிட்டது. நசுங்கிய கொடியை அது மூடவில்லை. மறு ஞாயிறு, மேட்டின் நடுவே பழுத்துக் காய்ந்த ஒரு தடம் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"அம்மா வழி வுட்டுட்டாடா மச்சி," என்றான் ஒருவன்.

நான் ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு நிற்பதற்குள் ஆறு வண்டிகள் ஏறிவிட்டன. சித்திரைக்குள் மேடு நடுவில் பிளந்து போயிற்று. அந்தப் பிளவு வழியே மணல் நேராகக் குப்பத்துக்குள் கொட்டியது. மீன் விற்கும் அம்மாள் சோற்றுச் சட்டியோடு பூங்கா வாசலுக்கு வந்துவிட்டாள். சோறு முழுக்க மண். அவளுக்குப் பின்னால் குப்பத்தில் பாதி நின்றது. மேலதிகாரிக்குத் தகவல் போய் அவரும் வந்தார். வண்டிக்காரர்கள் எல்லோரையும் நிற்க வைத்து, முதலில் கோட்டைத் தாண்டியது யார் என்று கேட்டார்.

சொன்னால் வேலை போகும். அதைவிட, ஆளில்லாத நேரத்தில் யாரோடு, எதற்காக அங்கே போனாய் என்ற கேள்வி வரும். அது அபிராமபுரம்வரை போகும். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

"நான்தான் சார்," என்றார் பட்டறைக்காரர். "டூட்டி முடிஞ்சி அவங்க பூட்டாங்க. நான் தனியாத்தான் போனேன்."

மீன்கார அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அவனுக்கு நம்ம சாமியோட அருமை இன்னா தெரியும்," என்றாள். கூட்டம் ஆமாம் என்றது. முன்பு செருப்பைக் கழற்றிக் கும்பிட்டவன் சத்தமாக ஆமாம் என்றான். வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"அனுமதி ரத்து. எழுதும்மா," என்றார் மேலதிகாரி.

நோட்டைப் பிரித்தேன். "நம்பரு சொல்லணுமா?" என்று கேட்டார் பட்டறைக்காரர். குரலில் கோபம் இல்லை. எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். எழுதினேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். டயருக்குக் காற்றுகூட அடிக்கவில்லை.

அந்த மாதமே பூங்காவில் வண்டிகளுக்குத் தடை வந்தது. என்னைத் தி. நகர் ஆபீசுக்கு மாற்றினார்கள். அவருடைய பட்டறை இருந்த தெருவழியாகத்தான் என் பஸ் போகும். பல வருடம் போயிற்று. ஒரு நாளும் நான் இறங்கவில்லை. ஒரு நாள் அங்கே வேறு கடை இருந்தது.

என் கோழைத்தனத்துக்காக நான் வருந்தாத நாள் இல்லை. ஆனால் அந்த மேட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எஞ்சின் அணைந்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம் எனக்கு மறுபடி வேண்டும். அதற்கான தண்டனை முழுவதையும் அவர் ஒருவரே வாங்கிக்கொண்டார் என்று தெரிந்தும் வேண்டும்.