கூட வந்தவரின் கால்கள்

அஸ்தம்பட்டியில் ஓர் இதயநோய் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். வருகிறவர்கள் டாக்டரிடம் போவதற்கு முன் தொந்தரவுகளைக் கேட்டு, நாடி, பிரஷர் பார்த்து எழுதி வைப்பது என் வேலை.

ஒரு காலையில், திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கும் ஒருவர் நெஞ்சுவலி என்று மனைவியோடு வந்தார். பல ஊர் நிலத்தைத் துளைத்தவர், பிரஷர் பார்க்கும் பட்டையைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டார்.

"எந்தப் பக்கமுங்க வலிக்குது?" என்றேன்.

அவர் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னார்: "எடது பக்கமுங்க. போண்டா தின்னா மட்டும் வரும்."

"பீடி, சிகரெட் உண்டுங்களா?"

"இல்லீங்க" என்றார் அவர்.

"நாலுன்னு போட்டுக்குங்க" என்றார் மனைவி.

"நடந்தா மூச்சு வாங்குதுங்களா?"

"நடந்தாத்தானுங்க தெரியும்." இதுவும் அந்த அம்மாதான்.

எனக்கும் வேடிக்கையாக இருந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் அந்த அம்மா நிறுத்தி மூச்சு இழுத்ததை, பேச்சு அதிகம் என்று விட்டுவிட்டேன். என் பேனா உருண்டு கீழே விழாமல் இருந்திருந்தால் அப்படியே அனுப்பியும் இருப்பேன். எடுக்கக் குனிந்தபோது அந்த அம்மாவின் பாதங்கள் கண்ணில் பட்டன. செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி எழும்பவே இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல சாமி, அவரப் பாருங்க."

"படுத்தா மூச்சு முட்டுதுங்களா?"

அந்த அம்மா சேலையை இழுத்துப் பாதங்களை மூடிக்கொண்டார். கணவர்தான் மெதுவாகச் சொன்னார்: "ஒரு மாசமா சோபாவுலயே உக்காந்து தூங்குறா. டிவி பாக்குறாளாக்கும்னு நெனச்சனுங்க."

அந்த அம்மாவின் நாடி தாறுமாறாக ஓடியது. வரிசையைப் பார்க்காமல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இதயம் சரியாக இறைக்காததால் உடம்பில் நீர் கோத்திருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கணவருக்கு ஈசிஜி சுத்தம். வெறும் வாயுத் தொந்தரவுதான்.

ஒரு மாதம் கழித்து, வீக்கம் வற்றி, தெளிவாக, கணவரோடு வந்தார் அந்த அம்மா. நன்றி சொல்லப் போகிறார் என்று நானும் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அன்னிக்கு எங்க ஊட்டுக்காரர நீங்க சரியாவே பாக்கலீங்க" என்றார்.

கணவருக்கு மறுபடி பார்த்தேன். பிரஷர் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. அதைக் கேட்டு அந்த அம்மா முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்து, சிரிப்பை அடக்க நான் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.