நீல மீனுக்கு ஏற்ற வெளிச்சம்

என் வீட்டுக்காரர் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது, இதை யார் கழுவுவது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் நான்கு நீல மீன்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் மீன் என்றால் குழம்புதான். எதற்கு என்று கேட்டேன். அழகுக்கு என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் அழகுக்கென்று தானே பார்த்து எடுத்த முதல் பொருள் அது. என்னைப் பார்த்து முடிவு செய்தது அவர் அம்மா.

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது எங்கள் தொழில். கலப்பது அவர், காயப்போட்டு அடுக்குவது நான். சாயம் சரியாக வந்திருக்கிறதா என்று கூரைக்கடியில் நின்று காஞ்சிபுரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். சிட்டம் என்று நாங்கள் சொல்லும் நூல் கற்றையைத் தெருவுக்கு எடுத்து வந்து, காலை பத்து மணி வெயிலில் விரித்துப் பிடித்தால்தான் அது பார்த்ததாகக் கணக்கு. கடைக்குப் புடவை எடுக்க வருகிறவர்களும் முந்தானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத்தான் ஓடுவார்கள்.

மீனையும் அவர் அப்படியே பார்க்க ஆரம்பித்தார். தொட்டிக்கு மேல் முதலில் ஒரு குண்டு பல்பு மாட்டினார். மஞ்சள் தடவின மாதிரி இருக்கிறது என்று மறுநாளே கழற்றிவிட்டார். அது நியாயம்தான், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிறகு டியூப்லைட். எனக்கு மீன் பளிச்சென்று நீலமாகத் தெரிந்தது. அவருக்குச் சாம்பலாகத் தெரிந்ததாம். ஒரு மீனைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெயிலில் நீலமாக இருக்கிற மீன் வீட்டுக்குள் சாம்பலாக இருந்தால் வெளிச்சம்தான் தப்பு என்று தீர்ப்புச் சொன்னார். மீனுக்கு அன்று மயக்கம் வராதது ஆச்சரியம்.

திருவிழாவுக்குச் சீரியல் லைட் போடுகிற மைக் செட் கடையிலிருந்து நீலக் கண்ணாடிக் காகிதம் வாங்கி வந்து டியூப்லைட்டில் சுற்றினார். போதவில்லை. இரண்டாவது சுற்று. அதுவும் போதவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் மீன் டம்ளரில் ஏறித் தெருவுக்குப் போய் வந்தது. மூன்றாவது சுற்றில் கூடம் முழுவதும் சொட்டு நீலம் கரைத்த வாளி மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, மீனுக்கும் சாயம் போடுகிறீர்களா என்று நிஜமாகவே கேட்டார். சாயக்காரர் வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி இல்லை.

"இன்னும் கொஞ்சம் நீலம் வேணும்" என்றார் இவர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதற்கு மேல் நீலம் வைத்தால் மீனே தெரியாது என்றேன். உனக்குக் கலர் தெரியாது என்றார். பதினெட்டு வருஷமாக அவர் போட்ட நூலை வகைவகையாகப் பிரித்து அடுக்குகிறவளிடம் அப்படிச் சொன்னார். மறுநாள் காலை அவர் டம்ளரும் மீனுமாகத் தெருவில் நின்றபோது, அலமாரியிலிருந்து இரண்டு சிட்டம் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று ஆகாய நீலம். இன்னொன்று சாம்பல். இரண்டையும் வெயிலில் நீட்டி, எது நீலம் என்று கேட்டேன். அவமானப்படுத்தத்தான் கேட்டேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சாம்பலைத் தொட்டார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் நூலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தது தப்பென்று அப்போதுதான் புரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஐயம்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் வரவேண்டும். கல்யாணப் பெண் கேட்டதென்று ஆகாய நீலம் சொல்லியிருந்தார். சாயம் தப்பினால் அவருடைய ஒரு மாத நெசவு போச்சு. இவர் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போச்சு.

டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீ பாத்து சொல்லுமா, நான் கலக்கறேன். வெளிய யாராண்டயும் சொல்லிக்காத" என்றார்.

கண்ணில் புரை என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முற்றட்டும், பிறகு அறுக்கலாம் என்றார்கள். அது எப்போது முற்றும் என்பதை அவர்களும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவர் கொப்பரையில் நூலை முக்கி எடுப்பார், நான் ஒரு நுனியைத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து, போதும் என்பேன், அல்லது இன்னும் ஒரு சிட்டிகை என்பேன். இரண்டு பேரும் சண்டை போடாமல் வேலை செய்தது அந்த இரண்டு நாள்தான்.

நெசவாளர் வந்தார். சிட்டத்தை வாசலில் விரித்துப் பிடித்தார்கள். இவர் வழக்கம்போல் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்று லேசாகத் தலையாட்டினேன்.

"சரியா வந்துகிதுபா" என்றார்.

"உன் கண்ணே கண்ணுண்ணா" என்று அந்த மனிதர் நூலைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இவர் அங்கேயே நின்றார். தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எப்படி வந்திருந்துச்சி, அந்த நீலம்?"

அவர் கையால் போட்ட சாயம். ஒரு நிறத்தை அது தெரியாதவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

"நல்லா இருந்துச்சிங்க" என்றேன்.