பிரிட்ஜ் கொடுத்த சுருதி

தொலைவில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகங்களின் வேகத்தைக் கணக்குப் போட்டு ஒலியாக மாற்றியிருக்கிறார்களாம். தம்போயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகள் அதைப் போனில் போட்டுக் காட்டினாள்.

"விண்வெளியில சத்தமே கேட்காது டாடி. ஆனா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சுருதி சேர்ந்துதான் சுத்துதாம்."

எல்லாவற்றுக்கும் அடியில் கனத்த ரீங்காரம் ஒன்று அறுபடாமல் ஓடியது. எங்கள் பழைய பிரிட்ஜேதான்!

என் சிறுவயதில், நாங்கள் பொந்தியானில் இருந்தபோது, அம்மாவிடம் சுருதிப்பெட்டி கிடையாது. வெள்ளிக்கிழமை கோயிலில் பாடவேண்டிய தேவாரத்தைப் பழக, முதல்நாள் சாயங்காலமே சம்பால் அரைத்த கையைக் கழுவிவிட்டு, பிரிட்ஜ் கதவில் உள்ளங்கையை வைப்பாள். அதன் உறுமல் கையில் ஏறியதும் கண்ணை மூடிப் பாடத் தொடங்குவாள். அவள் முடிக்கும்வரை தாகம் எடுத்தாலும் யாரும் பிரிட்ஜைத் திறக்கக்கூடாது.

ஒருநாள் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. காற்றாடி நின்றது, பிரிட்ஜும் அடங்கியது. அம்மா பாடிக்கொண்டே இருந்தாள். கடைசி அடியில் கரண்ட் வந்தது. பிரிட்ஜ் உறுமி எழுந்து, இம்மியும் பிசகாமல் அவள் குரலோடு ஒட்டிக்கொண்டது. அப்படியொரு சேர்க்கையை எந்தக் கச்சேரியிலும் நான் கேட்டதில்லை.

"அலமாக்! பிரிட்ஜுதான் உன்கிட்ட வந்து சேந்துக்கிச்சு லா," என்று வியந்தார் அப்பா.

"பிரிட்ஜ் நின்னப்புறம் எப்படிம்மா பாடினீங்க?" என்றேன்.

"நின்னுச்சா? எனக்குக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு."

மகள் போனை அணைத்தாள். இப்போது எங்களோடு இருக்கும் அம்மா, குசினியில் பயற்றங்காய் நறுக்கியபடி அதே சுருதியில் மெல்லப் பாடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அவள் நிறுத்தவில்லை.