மூன்றாந் திகதிக்கு ஒரு ரி.எச்.

கார்பன் தாளின் எண்ணெய் மணம் எங்காவது வந்தால் இன்றைக்கும் நான் எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிடுவேன். எண்பதுகளின் நடுவில், கொக்குவிலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பதினொரு வயதுப் பிள்ளையாக அந்தத் தாள்களை இடையில் வைத்து, மூன்று பிரதிகள் விழும்படி பேனையை அழுத்தி அழுத்தி ஓர் ஆங்கிலக் கடிதம் எழுதினேன். மே மாதம் மூன்றாந் திகதி ஆமி ஊரைச் சுற்றிவளைத்த "ரவுண்டப்"பில் என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ரியூசனுக்குப் புறப்பட்ட பத்தொன்பது வயதுப் பொடியன். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு, கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு அந்தக் கடிதம் போகவேண்டும்.

அதை எழுதியிருக்க வேண்டியவள் நானல்ல. அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, மானிப்பாயில் இருந்தார். அரசாங்க அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்த இலிகிதர், அவருடைய ஆங்கிலத்தை ஊரே மெச்சும். அப்பா இல்லாத வீடு என்பதால் அம்மா முதலில் அவரிடம்தான் ஓடினா. தன் கையெழுத்தை எல்லா இடத்திலும் அறிவார்கள், உத்தியோகம் போய்விடும், "உதுக்குள்ளை என்னை இழுக்காதை" என்று சொல்லி, ஒரு தேத்தண்ணியோடு அனுப்பிவிட்டார். அண்ணனும் இல்லாத வீட்டில் ஆங்கில எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திகதியென்றால் எண், எண்ணுக்குப் பின்னால் ரி.எச். (th). ஒன்றுக்கும் இரண்டுக்கும் மூன்றுக்கும் வேறு எழுத்துகள் (st, nd, rd) என்ற பாடம் நடக்கவிருந்த கிழமைகளில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஆகவே மூன்றைப் போட்டு, பக்கத்தில் ரி.எச். போட்டேன்.

பதில் ஜூலையில் வந்தது. மே பதின்மூன்றாந் திகதி அப்படி எவரும் கைதாகவில்லை என்று இரண்டே வரி. ரி.எச். இருப்பதைப் பார்த்து, மூன்றுக்கு முன் ஓர் ஒன்று விடுபட்டதென்று அலுவலகக்காரர் தாங்களாகவே தீர்மானித்திருந்தார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பிழையைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க மனம் வரவில்லை.

அம்மா அந்தப் பதிலையும் என்னிடமிருந்த பிரதியையும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி மானிப்பாய்க்குப் போனா. மாமா கண்ணாடியை மாட்டி இரண்டையும் வாசித்தார். உதட்டோரம் சிரித்தார்; அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"மூண்டுக்கு ஆர்.டி. எல்லோ போடவேணும். உது கூடத் தெரியாதே, பிள்ளை?"

"தெரிஞ்ச நீங்கள் எழுதேல்லை, அண்ணை. தெரியாதவள் எழுதினவள்" என்றா அம்மா. குரல் உயரவில்லை. வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிவிட்டா.

அன்றே இரண்டாவது கடிதம் எழுதினேன். ஆர்.டி. போட்டு, திகதியைச் சொல்லாகவும் எழுதினேன். செப்டெம்பரில் அண்ணன் வந்தார். இடது காது கேட்கவில்லை. எப்போதிருந்து என்று அம்மா கேட்டபோது, "ஜூன் கடைசியிலை" என்றார். அந்த நாட்களில் என் முதற் கடிதம் யாரோ ஒருவருடைய மேசையில் கிடந்தது. நெடுங்காலம் அந்தக் கோபத்தை என்மேலேயே வைத்திருந்தேன். பெரியவர்களின் குற்றத்தையும் தங்கள் பள்ளிக்கூடக் கொப்பியிலேயே தேடுவது பிள்ளைகளின் புத்தி.

இப்போது படிவங்களெல்லாம் கணினியில். திகதிக்கு வெறும் பெட்டிகள், ஆர்.டி.யும் ரி.எச்.சும் ஒருவருக்கும் தேவையில்லை. அம்மாவும் போய்விட்டா. மாமா எண்பத்தெட்டு வயதுவரை இருந்தார். செத்தவீட்டில் ஒருவர் எழுந்து, இவரைப்போல ஆங்கிலம் எழுத யாழ்ப்பாணத்தில் ஆளில்லை என்றார். பக்கத்திலிருந்த அண்ணன் வலது காதை என் பக்கம் திருப்பி, என்ன சொல்லுகினம் என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்று சொல்லி, அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.